குருதி நோயாளருக்கு மார்பில் கட்டி

பாலமுனையிலிருந்து மகரகம புற்றுநோய் வைத்தியசாலைக்குப் புறப்படும் சகோதரியே, உமக்கு நாட்பட்ட குருதி நோய் இருப்பின் அதை முதலிலேயே சொல்லிவிடும். மார்பில் தோன்றும் கட்டியெல்லாம் மார்புப் புற்று அன்று. இரத்தப் புற்றுள்ளோரில், அபூர்வமாக, முதிராத குருதிக் கலங்களே அங்கு திரண்டு கட்டியாகும். 1811இல் பேர்ன்ஸ் விவரித்த இவ்வகைக் கட்டிக்கு, அதன் பச்சை நிறங்கண்டு 1853இல் கிங் 'குளோரோமா' எனப் பெயரிட்டார்.

மெல்லிய ஊசியால் உறிஞ்சிய சில கலங்கள் வைத்தியரையும் ஏமாற்றக்கூடும். நிணநீர்ப் புற்றுப் போலத் தோன்றும். தடித்த ஊசியால் இழையத்துண்டு எடுத்து, விசேட சாயமிட்டுப் பார்த்தாற்றான் வேறுபாடு துலங்கும். குளோரோமாவுக்குப் பிரதான சிகிச்சை மருந்தே. அறியாது மார்பை அகற்றினால் பெண்ணுக்கு எத்தனை பெரிய இழப்பு! அதற்காக, "பழைய இரத்த வருத்தந்தானே" என்று கட்டியைப் பாராமுகமாக விடவும் வேண்டாம். சாதாரண மார்புப் புற்றும் இவர்களுக்கு வரும். குருதிப் பரிசோதனைத் தாள்களையும் கையோடு கொண்டுபோம். சிறுதட்டுக்கள் குறைவாயின் ஊசி குத்துமுன்னரே வைத்தியர் அறிந்திருக்க வேண்டும்.