கிக்கைக் கவனி, தம்பி

அன்புத் தம்பி,

டெம்போவை நிமிடத்துக்கு 200 அடிக்கு ஏற்றிவிட்டால் உன் டிராக், கபர் என்ற அந்த முரட்டு நடன இசையாக ஆகிவிடும் என்று நீ நம்புகிறாய். ஆகாது. அந்த இசையின் உயிர் கிக்கில், அதாவது பேஸ் டிரம்மின் அடியில் இருக்கிறது. வேகம் அதற்குப் பின்னால் ஓடி வந்த சங்கதி.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் நெதர்லாந்தின் ரோட்டர்டாமில் பார்க்சிக்ட் கிளப்பில் டிஜே ராப், சுழலும் ரெக்கார்டுகளுக்கு மேல் ரோலண்ட் டிஆர்-909 டிரம் மெஷினையும் சேர்த்து ஓடவிடுவார். அந்த 909 கிக்கை எடுத்துக்கொள். மிக்ஸரில் சிவப்பு விளக்கு அணையாதபடி கெயினை ஏற்று. அலையின் உச்சி வெட்டுப்பட்டு, வளைந்திருந்தது சதுரமாகும். அடியின் வால் நீளும், அதற்குள் ஒரு சுருதி எழும். அந்தச் சுருதியை ஏற்றி இறக்கினால் கிக்கே பாடும், தனியாக பேஸ் தேவைப்படாது. கொஞ்ச நாள் இதை மட்டும் செய். மெலடி பக்கமே போகாதே.

அந்த அடிக்குப் பின்னால் ஓர் ஊர் இருந்தது. ரோட்டர்டாம் துறைமுக நகரம், ஆம்ஸ்டர்டாமின் பகட்டைப் பார்த்து எரிச்சல்பட்ட நகரம். டிஜே பால் எல்ஸ்டாக் 1992இல் ரோட்டர்டாம் ரெக்கார்ட்ஸ் என்ற லேபிளைத் தொடங்கினார். அதில் வந்த யூரோமாஸ்டர்ஸ் குழுவின் பாட்டு, ஆம்ஸ்டர்டாமா, அது எங்கே இருக்கிறது என்று தலைப்பிலேயே சீண்டியது. மொட்டைத்தலையும் டிராக்சூட்டும் ஏர் மேக்ஸ் ஷூவுமாகப் பிள்ளைகள் கூடினார்கள். அதே ஆண்டு தண்டர்டோம் விழாவும் பிறந்தது. சில ஆண்டுகளிலேயே நாடு முழுக்க இதே பேச்சு.

அப்புறம் இனிப்பு சேர்ந்தது. 1995இல் எல்ஸ்டாக்கே 'ரெயின்போ இன் த ஸ்கை' போன்ற ஹேப்பி ஹார்ட்கோர் பாடல்களால் பாப் பட்டியலில் ஏறினார். அதற்காக அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை, அவையும் நல்ல பாடல்கள்தான். ஆனால் 1996இல் பார்ட்டி அனிமல்ஸ் குழுவினர் பழைய பாப் பாட்டு ஒன்றை வேகப்படுத்தி நெதர்லாந்தில் முதலிடம் பிடித்தார்கள். விரைவிலேயே கபர் பீட் என்ற பெயரில் ஒருவர் பாடிய கேலிப் பாட்டே வந்துவிட்டது. சின்னப் பிள்ளைகள் கபர் ஆட்டத்தை ஆடிக் காட்டிச் சிரிக்க ஆரம்பித்த பிறகு, பதினெட்டு வயதுக்காரன் எந்த முகத்தோடு கபர் நிகழ்ச்சிக்குப் போவான்?

இன்னொரு காயமும் உண்டு. தீவிர வலதுசாரிக் கும்பல் ஒன்று இந்தக் கூட்டத்துக்குள் நுழைந்தது. பல லேபிள்கள் இனவெறிக்கு எதிரான வாசகங்களை ரெக்கார்டு உறையிலேயே அச்சிட்டன. இருந்தும் பெயர் கெட்டது கெட்டதுதான். உன் நிகழ்ச்சிக்கு யார் வருகிறார்கள், என்ன கோஷம் போடுகிறார்கள் என்பதற்கு நீயும் பொறுப்பு. மேடையிலிருந்தே கண்டித்துச் சொல். மறுநாள் சொல்லிப் பயனில்லை.

கபர் அதோடு அழிந்துவிடவில்லை. வேகம் குறைந்து, இருண்டு, சின்ன இடங்களில் உயிர் பிடித்துக் கிடந்தது. 2012இல் விடைபெற்ற தண்டர்டோம் 2017இல் திரும்பி வந்தது. ஆனால் நீ முதலில் கேட்க வேண்டியது இந்தோனேசியாவின் கபர் மோடஸ் ஓபராண்டி என்ற இருவர் குழுவை. பாலியிலிருந்து இயங்கும் அந்த இருவரும் ஜாவாவின் ஜாதிலான் சாமியாட்டத்தையும் டாங்டுட் என்ற இந்தோனேசிய ஜனரஞ்சக இசையையும் அந்த முரட்டுக் கிக்கோடு மோதவிட்டார்கள். ரோட்டர்டாம் மாதிரி ஒலிக்க வேண்டும் என்ற கவலையே அவர்களுக்கு இல்லை. 2019இல் வந்த அவர்களுடைய 'ஹொக்ஸ்யா' ஆல்பத்தை நல்ல ஸ்பீக்கரில் போட்டு, கிக் எங்கே விழுகிறது, தாளம் எங்கே அதை மீறுகிறது என்று குறித்துக்கொண்டே கேள். அதன் பிறகு உன் டிராக்கைத் திறந்து, டெம்போவைத் தொடாமல் வேலை செய்.

அன்புடன்,
அண்ணன்