குந்தாத் தேயிலையும் விரயம் தவிர்த்தலும்

ஆற்றங்கரையில் அமர்ந்து உளூச் செய்யினும் நீரை மிகையாகச் செலவிடலாகாது எனச் சிறுபருவத்திலேயே கற்றவர் நாம். இந்நோக்கினைத் தொழிற்கூடத்திற்குள் வைத்துப் பார்த்தவர் ஜப்பானியப் பொறியாளர் தாயிச்சி ஓனோ. தேவைக்கு மேற்பட்ட உற்பத்தி, காத்திருப்பு, பழுது என எழுவகை விரயங்களை அவர் டொயோட்டா ஆலையில் வகுத்துக் காட்டினார். அவர் கருதியது செலவையே, காட்டை அன்று. எனினும் தேயிலை ஆலையில் இரண்டும் ஒன்றாகிவிடுகின்றன.

நீலகிரியில் 1965-இல் அமைந்த இண்ட்கோசர்வ் இணையத்தின்கீழ் இயங்கும் கூட்டுறவு ஆலைகளுள் குந்தா ஆலையும் ஒன்று. சிறு விவசாயிகள் கொணரும் பச்சைக் கொழுந்தில் முக்காற்பங்கிற்கு மேல் நீரே. 77 விழுக்காடு நீருள்ள 10,000 கிலோ கொழுந்தை எடுத்துக்கொள்வோம். வாட்டும் தொட்டியில் 68 விழுக்காட்டிற்குக் கொணர வேண்டியதை அவசரத்தில் 72-இலேயே அள்ளிவிட்டால், ஏறத்தாழ 1,000 கிலோ நீர் மிகுதியாக எஞ்சும். காற்று செய்திருக்க வேண்டிய வேலையைப் பின்னர் உலர்த்தியின் அடுப்பு செய்யும், எரிவதோ விறகு! மழைக்காலத்தில் இது இன்னும் கடுமை. ஈரவிறகு தன் வெப்பத்தின் ஒரு பகுதியைத் தன்னை உலர்த்தவே செலவிடுகிறது. பிளந்து கூரையின்கீழ் அடுக்கிவைக்க இயந்திரம் எதுவும் வேண்டா.

காத்திருப்பையும் எளிதாக எண்ணலாகாது. சாக்கில் அழுந்திக் கிடக்கும் கொழுந்து சூடேறிச் சிவக்கும். அத்தூளின் தரம் தாழும். எரித்த விறகு மட்டும் குறைவதில்லை. ஆதலின், வண்டிகள் வரும் நேரத்தைத் தொட்டிகளின் கொள்ளளவுக்கு இசைய வகுத்தலே முதற்பணி என்போம்.