களிம்புக்கு முந்தின வேலை

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்தது. அடுத்த இரண்டு நாளில் தென்பெண்ணை வெள்ளமும் சேர்ந்துகொள்ள, புதுச்சேரியில் எங்கள் பாகூர்ப் பக்கம் தண்ணீர் வடியவே நாளானது. எங்கள் வீட்டுக் கருப்பன் நாட்டு நாய். அத்தனை நாளும் ஈரத் திண்ணையில்தான் கிடந்தான். மாசக் கடைசியில் ஒரு காதைச் சாய்த்துத் தலையை உதற ஆரம்பித்தான். கிட்டே போனால் புளித்த மாவு வாடை. அலமாரியில் என் படர்தாமரைக்கு வாங்கின ட்யூப் பாதி மிச்சம் இருந்தது. அதைப் பிதுக்கிக் காதுக்குள் தடவிவிட்டேன். இரண்டே நாளில் சொறிவது நின்றது. எனக்கு ஒரே பெருமை. மூன்றாவது வாரம் காதிலிருந்து பழுப்பாக ஒழுகியது. தொட்டால் கடிக்க வந்தான்.

அந்த ட்யூபில் பூஞ்சை மருந்தோடு ஸ்டீராய்டும் கலந்திருந்தது. ஸ்டீராய்டு அரிப்பை அமுக்கிவிடும், அந்த மறைவில் கிருமி நிதானமாக வளரும். மனிதத் தோலிலேயே இந்தக் கலவை க்ரீம்கள் பெரிய தொல்லையாகிவிட்டதால்தான் 2018-இல் மத்திய அரசு 14 ஸ்டீராய்டு பூச்சு மருந்துகளை டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத பட்டியலில் சேர்த்தது. நம் வீட்டு அலமாரிக்கு அந்தச் சட்டம் எட்டவில்லை.

ஆகவே களிம்பைத் தேடுவதற்கு முன்னால் என்ன நோய் என்று பாருங்கள். நல்ல வெளிச்சத்தில் முற்றத்தில் நிறுத்தி முடியைப் பிரித்துப் பார்க்க வேண்டும். வாலடியிலும் இடுப்பிலும் மட்டும் முடி கொட்டியிருந்தால் அநேகமாகத் தெள்ளுப்பூச்சி. காது மடல் ஓரமும் முழங்கையும் பொருக்குத் தட்டி, ராத்திரியெல்லாம் சொறிந்தால் சொறிப்பூச்சியாக இருக்கலாம். மடல் ஓரத்தை விரலால் தேய்த்துப் பாருங்கள். பின்னங்கால் தானாகச் சொறிகிற மாதிரி ஆடினால் சந்தேகம் வலுக்கும். இந்த இரண்டுக்கும் களிம்பு உதவாது. பூச்சியைக் கொல்கிற மாத்திரையோ பிடரியில் விடுகிற சொட்டோ டாக்டர்தான் எடை பார்த்துத் தர வேண்டும். பூனைக்குட்டிக்கு முகத்திலும் காதிலும் வட்டமாக முடி உதிர்ந்து செதில் தெரிந்தால் படர்தாமரையைச் சந்தேகியுங்கள். பிள்ளைகளுக்கும் ஒட்டும், மடியில் போட்டுக் கொஞ்ச விடாதீர்கள். ஆனால் நாயின் வயிற்றில் வட்டமாகத் தெரிவதெல்லாம் படர்தாமரை இல்லை. சீழ்க் கொப்புளம் உடைந்தாலும் ஓரம் உரிந்து வட்டமாகத்தான் நிற்கும். அது பாக்டீரியா.

உள்ளங்கை அகலத்துக்குள் ஒன்றிரண்டு இடம் என்றால் களிம்பு போதும். உடம்பு முழுக்க என்றால் மருந்து ஷாம்பு, சில சமயம் மாத்திரையும். வில்லியனூர்க்காரர்களுக்குக் குரும்பாப்பேட்டில் ராஜீவ் காந்தி கால்நடை மருத்துவக் கல்லூரி கிட்டத்தில்தான். மாட்டாஸ்பத்திரி என்று நாம் சொன்னாலும் நாய் பூனையையும் அங்கே பார்ப்பார்கள். காது அழுக்கைப் பஞ்சில் எடுத்து மைக்ராஸ்கோப்பில் பார்க்க முடியுமா என்று எந்த டாக்டரிடமும் தயங்காமல் கேளுங்கள். பூஞ்சையா, பாக்டீரியாவா, பூச்சியா என்பது அந்தக் கண்ணாடித் துண்டில் தெரிந்துவிடும். மருந்து அதற்குத் தகுந்த மாதிரி மாறும்.

பூனை வீட்டில் இருந்தால் இன்னும் கவனம். நமக்குச் சொறிசிரங்குக்குத் தரும் பெர்மெத்ரின் க்ரீம் பூனைக்கு விஷம், நடுக்கமும் வலிப்பும் வரும். பென்சைல் பென்சோயேட், டெட்டால், பினாயில், டீ ட்ரீ எண்ணெய் எதுவும் ஆகாது. பூனையின் கல்லீரலுக்கு இவற்றைப் பிரித்து வெளியேற்றும் திறமை குறைவு. போதாததற்கு உடம்பில் பட்டதையெல்லாம் நக்கித் தின்றுவிடும். மனிதர் தம் வலிக்குத் தடவிக்கொண்ட மருந்தாலேயே கூட இருந்த பூனைகள் செத்துப்போனதைச் சொல்லி 2015-இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை எச்சரித்திருக்கிறது. மூட்டுவலி ஜெல் தடவின கையோடு பூனையைத் தூக்காதீர்கள். கறுப்பு எண்ணெய், அதாவது வண்டியில் வடித்த இன்ஜின் ஆயில் பூசுவது நம் பக்கம் இன்னும் இருக்கிறது. நாய்க்கும் பூனைக்கும் அது கேடுதான்.

இனி தோலில் தடவும் முறை. புண்ணைச் சுற்றி ஒரு விரல் அகலத்துக்கு முடியை எடுங்கள். ப்ளேடு வேண்டாம், சீப்பை அடியில் கொடுத்து, சீப்புக்கு மேலே நிற்கிற முடியைக் கத்தரியுங்கள். மருந்துக் கடையில் கிடைக்கும் சலைனால் கழுவலாம். இல்லையென்றால் கொதித்து ஆறின ஒரு லிட்டர் தண்ணீரில் ஒன்றரை டீஸ்பூன் உப்பு. பொருக்கைப் பிய்க்காமல் ஈரத் துணியை ஐந்து நிமிஷம் போட்டு ஊறவிட்டால் தானே கழன்று வரும். ஒற்றி நன்றாகக் காயவிடுங்கள். ஈரத்தின் மேல் பூசின களிம்பு நிற்காது. கையுறை போட்டு மெல்லிசாகத் தேயுங்கள். ட்யூபின் வாயைப் புண்ணில் படவிட்டால் மருந்திலேயே கிருமி ஏறிவிடும்.

பூசியதும் நாய் திரும்பி நக்கும். பத்து நிமிஷம் பிடித்துக்கொள்ளுங்கள், சோறு போடுங்கள், தெரு ஒரு சுற்று கூட்டிப் போங்கள். பிடிவாதக்காரனுக்குக் கழுத்தில் கூம்புதான் வழி. வாங்க முடியாவிட்டால் பழைய எக்ஸ்ரே ஃபிலிமை வளைத்து, உள்விளிம்பில் துணி சுற்றி, கழுத்துப் பட்டையோடு கட்டிவிடலாம். மூக்கு நுனிக்குக் கொஞ்சம் வெளியே நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். சோறு தின்ன மட்டும் கழற்றுங்கள்.

காதுக்கு இன்னும் பொறுமை வேண்டும். நாய்க்காதின் குழாய் கீழே இறங்கி, பிறகு உள்பக்கம் திரும்பும், கிணற்றின் அடியில் சுரங்கம் வெட்டின மாதிரி. செவிப்பறை அந்தச் சுரங்கத்தின் கோடியில். பட்ஸ் விட்டால் அழுக்கு இன்னும் கீழேதான் போகும். தலை ஒருபக்கமே சாய்ந்திருந்தாலும், நடை தள்ளாடினாலும் வீட்டில் எதையும் ஊற்றாதீர்கள். பறை கிழிந்திருந்தால் ஜென்டாமைசின் போன்ற மருந்து உள்ளே இறங்கிக் காதைச் செவிடாக்கக்கூடும். டாக்டர் விளக்கடித்துப் பார்த்துச் சரி என்றால் மட்டும் தொடங்குங்கள்.

டாக்டர் எழுதின காது கழுவும் திரவத்தைக் கொஞ்ச நேரம் உள்ளங்கையில் பொத்திச் சூடேற்றுங்கள்; சில்லென்று விழுந்தால் நாய் மறுநாள் பாட்டிலைக் கண்டதுமே கட்டிலடியில் புகுந்துவிடும். மடலை நேராக மேலே தூக்கி, குழாய் நிறைய ஊற்றி, காதின் அடியை அரை நிமிஷம் பிசையுங்கள். சளக் சளக் என்று கேட்கும். பிறகு விலகிக்கொள்ளுங்கள், உதறுவான், சுவரெல்லாம் தெறிக்கும். விரலில் சுற்றின பஞ்சால் கண்ணுக்குத் தெரிகிற இடத்தை மட்டும் துடையுங்கள். பத்து நிமிஷம் கழித்து மருந்து, மறுபடி பிசைதல். அழுக்கு காபித்தூள் மாதிரிக் கறுப்பாக உதிர்ந்தால் காதுப்பூச்சி. அது முட்டையிலிருந்து வளர்ந்து வர மூன்று வாரம் ஆகும், அதனால் வீட்டிலுள்ள எல்லா நாய் பூனைக்கும் சேர்த்தே வைத்தியம் நடக்க வேண்டும்.

அரிப்பு நின்ற அன்றே மருந்தை நிறுத்துவதுதான் நாம் வழக்கமாகச் செய்கிற தப்பு. டாக்டர் சொன்ன நாள் வரை போட்டுவிட்டு, ஒருமுறை காட்டிவிட்டு நிறுத்துங்கள். பலூன் மாதிரி மடல் வீங்கினால் உள்ளே ரத்தம் கட்டியிருக்கிறது, அன்றே போங்கள். புழு வைத்த புண்ணுக்குப் பினாயில் ஊற்றினால் புழுவோடு சதையும் வேகும். இடுக்கியால் ஒவ்வொன்றாக எடுக்க வேண்டிய வேலை அது, டாக்டரிடம் விடுங்கள். தெருநாய் கடித்த புண் என்றால் வெறுங்கையால் தொடாதீர்கள். வெறிநோய் ஊசியைப் பற்றியும் அப்போதே கேட்டுவிடுங்கள்.

கருப்பனுக்குக் குணமாக ஐந்து வாரம் ஆயிற்று. இப்போது ஐப்பசி பிறந்தால் ஞாயிற்றுக்கிழமை தோறும் இரண்டு காதையும் முகர்ந்து பார்க்கிறேன். வாடை இல்லாத காதில் எதையும் ஊற்றுவதில்லை.