மெஷினில் கை மாட்டினால்

அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரத்தில் மில்லிலோ, தறியிலோ, சோளத்தட்டை நறுக்கும் மெஷினிலோ கை சிக்கினால் முதல் வேலை மெயின் சுவிட்சை அணைப்பது. பதற்றத்தில் கையைப் பிடித்து இழுக்காதீர்கள். அப்புறம் 108.

விரல் துண்டாகிவிட்டதா? நல்ல தண்ணீரில் லேசாக அலசி, ஈரமான சுத்தத் துணியில் சுற்றி, பாலித்தீன் பையில் கட்டி, அந்தப் பையை ஐஸில் வையுங்கள். ஐஸ் நேரடியாகப் பட்டால் சதை கெட்டுவிடும். காயத்தை அழுத்திக் கட்டிக் கையைத் தூக்கியே வையுங்கள்.

முதலாளி தரப்பில், “வீட்டுல வழுக்கி விழுந்தேன்னு சொல்லிருப்பா, செலவ நான் பாத்துக்கிறேன்” என்பார்கள். சம்மதிக்காதீர்கள். எந்த மெஷின், எந்த இடம், எத்தனை மணி என்று ஆஸ்பத்திரி விபத்துப் பதிவேட்டில் ஏற வேண்டும். பின்னால் வழக்கைத் தாங்குவது பெரும்பாலும் அந்த ஒரு வரிதான்.

இ.எஸ்.ஐ. தொழிலாளி என்றால், சேர்ந்த முதல் நாளே அடிபட்டாலும் உரிமை உண்டு. வேலைக்குப் போக முடியாத நாட்களுக்குச் சராசரிக் கூலியில் 90 சதவீதம் கிடைக்கும். நிரந்தர ஊனத்துக்கு மருத்துவ வாரியம் சதவீதம் போடும். சட்ட அட்டவணையில் கட்டைவிரல் இழப்பு 30, ஆள்காட்டி விரல் முழுதும் போனால் 14. விரலுக்கும் விலைப்பட்டியல் உண்டு!

இ.எஸ்.ஐ. இல்லாத சின்னப் பட்டறை என்றால் முதலாளிதான் இழப்பீடு தர வேண்டும். மறுத்தால் தொழிலாளர் துறை இழப்பீட்டு ஆணையரிடம் மனுப் போடலாம். கூலிச் சீட்டு, வங்கியில் பணம் ஏறிய கணக்கு, கூட வேலை செய்தவர் சாட்சி எல்லாம் உதவும். எந்த நிலையிலும் வெற்றுத்தாளில் கைநாட்டு வேண்டாம்.