சாமைக் களமும் புயல் மழையும்

ஜவ்வாது மலையில் ஆனி, ஆடியில் விதைத்த சாமை அறுவடைக்கு வருவதும் வடகிழக்குப் பருவமழை தொடங்குவதும் ஏறக்குறைய ஒரே சமயத்தில்தான். ஆலையும் அலுவலகமும் மட்டுமே வேலையிடம் அல்ல; உழவருக்குக் களமும் கொட்டகையும் சரிவு நிலமும் வேலையிடங்களே. அவற்றுக்கும் பேரிடர் முன்னேற்பாடு தேவை.

2024 நவம்பர் 30 இரவு புதுச்சேரி அருகே கரையைக் கடந்த ஃபெஞ்சல் புயல் கடலோரத்தோடு நின்றுவிடவில்லை. மலைக்குத் தென்மேற்கிலுள்ள ஊத்தங்கரையில் ஒரே நாளில் சுமார் 50 செ.மீ. மழை பெய்தது. டிசம்பர் 1 அன்று திருவண்ணாமலை தீபமலைச் சரிவில் மண் சரிந்து 7 பேர் உயிரிழந்தனர். புயல் கடற்கரைக்காரர் கவலை என்று மலைவாழ் உழவர்கள் இருந்துவிடலாகாது.

மண்ணில் நீர் நிரம்பினால் எடை கூடும், பிடிப்புத் தளரும். அதன் பிறகே சரிவு நகரத் தொடங்குகிறது. எனவே, புரட்டாசியிலேயே கல் வரப்புகளைச் செப்பனிட்டு, வடிகால்களைத் தூர்வாரி, நீரை ஓடை வரை கொண்டு சேர்க்க வேண்டும். பக்கத்து நிலத்தில் திருப்பிவிடுவது ஆபத்தை இடம் மாற்றுவதே ஆகும். தரையில் புது வெடிப்பு, மரம் சாய்தல், தெளிந்த ஊற்று திடீரெனக் கலங்குதல் ஆகியவற்றில் ஒன்றைக் கண்டாலும் எல்லோரும் உடனே பக்கவாட்டில் விலகிச் செல்ல வேண்டும். ஓடை வழியே இறங்கக் கூடாது. பொருளை எடுக்கத் திரும்பவும் கூடாது. மாடுகளின் கயிற்றை முன்னதாகவே அவிழ்த்துவிட வேண்டும்.

களத்தைச் சற்று மேடாக்கி, சுற்றிலும் ஒரு சாண் ஆழத்தில் வாய்க்கால் எடுப்பது நல்லது. தார்ப்பாயை அறுவடைக்கு முன்பே வாங்கிவிடுங்கள். மேகம் கூடிய பின் ஜமுனாமரத்தூர் கடைத்தெருவுக்கு ஓடிப் பயனில்லை. இடி முழங்கினால் கதிரடிப்பை நிறுத்தி, கட்டடத்துக்குள் செல்ல வேண்டும். தனித்து நிற்கும் பலா மரத்தடி பாதுகாப்பானதல்ல. கடைசி இடி கேட்டு 30 நிமிடம் கழித்தே வெளியே வரலாம். நனைந்த மின் மோட்டாரைத் தொடக் கூடாது.

மழைக்குப் பின் கதிர்ப்போரில் பாம்பு தங்கும். கோலால் தட்டிய பிறகே கை வைக்க வேண்டும். கடித்துவிட்டால் கீறுவதோ இறுகக் கட்டுவதோ வேண்டாம். கடிபட்ட உறுப்பை அசைக்காமல் மருத்துவமனைக்குக் கொண்டு செல்க.

ஆம்புலன்சுக்கு 108, மாவட்டக் கட்டுப்பாட்டு அறைக்கு 1077. இவ்வெண்களைக் கொட்டகைச் சுவரில் எழுதி வைக்கலாம். அலைபேசி இயங்காதபோது ஊருக்குள் யார் சென்று சொல்வது என்பதையும் முன்பே முடிவு செய்துகொள்க. பயிர்க் காப்பீடு செய்திருப்போர், அறுத்து உலரப் போட்ட கதிர் புயல் மழையில் சேதமானால் 72 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும்.