சொல்லை எடைபோடுங்கள்

1990 ஜனவரி 25, இரவு. கொலம்பியாவிலிருந்து நியூயார்க் வந்த அவியான்கா 52 விமானம், மோசமான வானிலையால் ஒரு மணி நேரத்துக்கும் மேலாக வானில் வட்டமடித்தது. எரிபொருள் வற்றிக்கொண்டே வந்தது. துணை விமானி தரையில் இருந்தவர்களிடம் 'முன்னுரிமை வேண்டும்' என்றார். 'எரிபொருள் தீர்ந்துகொண்டிருக்கிறது' என்றும் சொன்னார். 'அவசரநிலை' என்ற சொல்லை மட்டும் கடைசிவரை சொல்லவில்லை. கட்டுப்பாட்டாளர்கள் மற்ற விமானங்களை ஒதுக்கிவிட்டு வழிவிடுவது அந்தச் சொல்லுக்குத்தான். முதல் முயற்சியில் இறங்க முடியாமல் மேலே ஏறிய விமானம், மறுபடி சுற்றி வருவதற்குள் என்ஜின்கள் நின்று கீழே விழுந்தது. 73 பேர் இறந்தார்கள்.

அவர் எதையும் மறைக்கவில்லை. சொன்ன சொல்லுக்குக் கனம் போதவில்லை.

நம் அலுவலகங்களிலும் இது தினமும் சின்ன அளவில் நடக்கிறது. 'சர்வர் கொஞ்சம் ஸ்லோவா இருக்கு சார்' என்று காலையில் சொன்ன சர்வர், மதியம் மொத்தமாக நின்றுபோகிறது. மறுபக்கம், மேலாளர் அனுப்பிய ஒரு வரி வாட்ஸ்அப்பைப் படித்துவிட்டு நாள் முழுக்க வேலை ஓடாமல் உட்கார்ந்திருப்பவர்களும் உண்டு. முன்னதில் சொல்லின் எடை குறைந்தது, பின்னதில் கூடியது.

'இனிமையாகப் பேசு' என்ற அறிவுரை மட்டும் வேலையிடத்துக்குப் போதாது. வள்ளுவர் 'இனியவை கூறல்' அதிகாரத்தை இல்லறவியலில் வைத்தார். 'சொல்வன்மை'யையோ அமைச்சருக்கான தகுதிகளோடு சேர்த்தார். அதாவது, சொல்லைத் தேர்ந்து ஆளுவது ஒரு வேலைத் தகுதி. பழகினால் வரும். பழக ஆறு வழிகள் இதோ.

1. கனமான செய்தியைப் பஞ்சில் பொதியாதீர்கள்

'பார்க்கலாம்', 'முயற்சி பண்றேன்'. தமிழில் பல நேரம் இவை மரியாதையான 'முடியாது'. சொல்பவர் மறுத்துவிட்டதாக நினைத்துக்கொள்வார். கேட்பவர் சம்மதம் கிடைத்ததாக நம்பிப் போவார். வெள்ளிக்கிழமை இருவருக்கும் சண்டை வரும். 'வெள்ளிக்கிழமைக்குள் முடியாது சார். திங்கள் மதியம் தருகிறேன். அதற்கு முன்பே வேண்டுமென்றால் இன்னொருவர் கூட வேண்டும்' என்று சொல்லுங்கள். இதில் மரியாதை எங்கும் குறையவில்லை.

அடுத்து, குழுவுக்குள் சில சொற்களுக்கு எடையை முன்கூட்டியே நிர்ணயித்துவிடுங்கள். 'உடனடி' என்றால் ஒரு மணி நேரத்துக்குள், 'அவசரம்' என்றால் இன்றைக்குள் என்பதுபோல. 1977-ல் டெனெரிஃப் தீவில் இரண்டு விமானங்கள் ஓடுபாதையில் மோதி 583 பேர் இறந்தார்கள். புறப்பட அனுமதி கிடைத்ததா இல்லையா என்ற குழப்பம் அதற்கு ஒரு முக்கியக் காரணம். அதன்பின் 'டேக் ஆஃப்' என்ற சொல்லை, உண்மையிலேயே புறப்பட அனுமதி தரும் கட்டத்துக்கு மட்டும் என்று ஒதுக்கிவைத்தார்கள். எல்லா மெயிலுக்கும் 'அவசரம்' என்று தலைப்பிடுபவர், நிஜமான அவசரத்துக்குச் சொல் இல்லாமல் நிற்பார்.

2. வினைச்சொல் தீர்ப்பு எழுதிவிடும்

1974-ல் உளவியலாளர்கள் எலிசபெத் லாஃப்டஸும் ஜான் பாமரும் மாணவர்களுக்குக் கார் விபத்துப் படங்களைப் போட்டுக் காட்டி, வேகத்தைக் கேட்டார்கள். கேள்வியில் வினைச்சொல்லை மட்டும் மாற்றினார்கள். கார்கள் 'மோதி நொறுங்கியபோது' என்று கேட்டதற்கு வந்த சராசரி விடை, மணிக்கு 40 மைலுக்கும் மேல். 'தொட்டுக்கொண்டபோது' என்று கேட்டதற்கு 31.8 மைல். பிறகு செய்த இன்னொரு சோதனையில், 'நொறுங்கிய' என்ற சொல்லைக் கேட்ட 50 பேரில் 16 பேர், ஒரு வாரம் கழித்து, உடைந்த கண்ணாடியைப் பார்த்ததாகச் சொன்னார்கள். படத்தில் கண்ணாடி உடையவே இல்லை.

இனி உங்கள் கூட்டக் குறிப்பைப் பாருங்கள். தாமதத்தைப் பற்றி ஒருவர் 'சொன்னார்' என்றால் செய்தி. 'ஒப்புக்கொண்டார்' என்றால் குற்றவாளி. 'சமாளித்தார்' என்றால் பொய்யர். 'புலம்பினார்' என்றால் யாரும் அவரைப் பொருட்படுத்த வேண்டாம். கூட்டத்துக்கு வராத இயக்குநர் அந்த ஒரு சொல்லை வைத்துத்தான் ஆளை எடைபோடுவார். குறிப்பு எழுதும்போது 'சொன்னார்', 'கேட்டார்', 'ஏற்றார்', 'மறுத்தார்' என்ற நான்கும் பெரும்பாலும் போதும்.

3. வாலில் இருக்கிறது தொனி

தமிழில் தொனி பெரும்பாலும் சொல்லின் வாலில் ஒட்டிக்கொண்டு வரும். 'ரிப்போர்ட்டை அனுப்பினேன்' வெறும் செய்தி. 'அனுப்பிவிட்டேன்' என்றால் வேலை முடிந்தது, கவலை வேண்டாம். 'அனுப்பிக் கொடுத்தேன்' என்றால் உங்களுக்காகச் செய்தது. 'அனுப்பித் தொலைத்தேன்' என்றால் எனக்கு வெறுத்துவிட்டது. நான்கிலும் நடந்த காரியம் ஒன்றுதான்.

இடைச்சொற்கள் இன்னும் கூர்மையானவை. 'இதைப் பார்க்கலையா?' என்பது கேள்வி. 'இதைக்கூடப் பார்க்கலையா?' என்பது அவமானம். 'நீங்கள்தானே அனுப்பினீர்கள்', 'நேற்றே சொன்னேனே' என்பவையும் விரலை நீட்டுகின்றன. நேரில் முகமும் குரலும் இவற்றைக் கொஞ்சம் ஆற்றும்; திரையில் அந்த உதவி கிடையாது. எனவே, குறை சொல்லும் எந்தச் செய்தியையும் அனுப்புமுன் அதிலுள்ள 'கூட', 'தானே', கடைசி 'ஏ' ஆகியவற்றை எடுத்துவிட்டுப் படியுங்கள். செய்தி அப்படியே இருக்கும், குத்தல் போயிருக்கும்.

'அனுப்பவும்' என்பது சுற்றறிக்கையின் குரல். அறிவிப்புப் பலகைக்குப் பொருந்தும். பக்கத்து மேசையில் இருப்பவருக்கு 'அனுப்புங்க' என்பதே நல்லது.

தவறு உங்களுடையதானால் 'தவறு நடந்துவிட்டது' என்று எழுதாதீர்கள். தவறு தானாக நடந்து வருவதில்லை. 'தவறு செய்துவிட்டேன், மாலைக்குள் திருத்தித் தருகிறேன்' என்றால் பேச்சு அங்கேயே முடிந்து வேலை தொடங்கிவிடும்.

4. நாமா, நாங்களா?

கேட்பவரையும் சேர்த்தால் 'நாம்', விலக்கினால் 'நாங்கள்'. தமிழ் நமக்குத் தந்திருக்கும் அருமையான கருவி இது. அலுவலகத்தில் கவனமில்லாமல் கையாளுகிறோம். சம்பள உயர்வு தள்ளிப்போவதை ஊழியர்களிடம் 'நாம் எடுத்த முடிவு' என்று சொன்னால், அந்த அறையில் ஒருவரும் நம்பமாட்டார்கள். எடுத்தது நிர்வாகம் என்றால் 'நாங்கள்' என்பதே நேர்மை. வாடிக்கையாளரிடம் 'நாம் கவனிக்கத் தவறிவிட்டோம்' என்று எழுதினால் பழியில் அவருக்கும் பங்கு போய்விடும். அங்கும் 'நாங்கள்'தான். வெற்றியைச் சொல்லும்போது 'நாம்' என்று தாராளமாகச் சொல்லுங்கள்.

5. ஆளுக்குப் பட்டம் சூட்டாதீர்கள்

ஆண்டு மதிப்பீட்டில் ஒரே ஊழியரை 'நிதானமானவர்' என்றும் எழுதலாம், 'மந்தமானவர்' என்றும் எழுதலாம். உறுதி, பிடிவாதம். சிக்கனம், கஞ்சத்தனம். ஒவ்வொரு சோடியிலும் நடத்தை ஒன்று. எழுதுபவரின் விருப்புவெறுப்பு இரண்டு. துணிந்து பேசும் ஆணிடம் 'தலைமைப் பண்பை'க் காண்பவர்கள், அதேபோல் பேசும் பெண்ணை 'வாயாடி' என்பதை எத்தனை முறை கேட்டிருக்கிறோம்! பெயரை மாற்றிப் போட்டுப் படித்துப் பாருங்கள். அப்போது அந்தச் சொல் உறுத்தினால் அதை அடித்துவிடுங்கள்.

பட்டத்தின் இடத்தில் நிகழ்வை எழுதுங்கள்: 'மூன்று கூட்டங்களில் பட்ஜெட்டைக் கேள்வி கேட்டார்; இரண்டு முறை அவர் சொன்னதே சரியாக இருந்தது.' இதைப் படிப்பவர் அவரே முடிவுக்கு வரட்டும். ஒரு பெயர் எவ்வளவு தூரம் போகும் என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே சான்று உண்டு. அரசு மொழியில் 'ஊனமுற்றோர்' இருந்த இடத்துக்கு 'மாற்றுத்திறனாளி' வந்தது. இல்லாததைச் சுட்டிய பெயர் போய், இருப்பதைச் சுட்டும் பெயர் நிலைத்தது.

தன்விவரக் குறிப்பிலும் இதே கணக்குத்தான். உதவியதை 'வழிநடத்தினேன்' என்று ஏற்றாதீர்கள். நேர்காணலின் இரண்டாவது கேள்வியில் சாயம் வெளுக்கும். நீங்களே கட்டி எழுப்பியதை 'ஈடுபட்டேன்' என்று இறக்கவும் வேண்டாம்.

6. உவமையை இரண்டு அடி நடத்திப் பாருங்கள்

2011-ல் உளவியலாளர்கள் பால் திபோடோவும் லெரா பொரோடிட்ஸ்கியும் ஒரு கற்பனை நகரத்தின் குற்றங்களைப் பற்றிய பத்தியைப் பலருக்குப் படிக்கக் கொடுத்தார்கள். சிலருக்கு அந்தக் குற்றம் நகரைச் சூறையாடும் 'விலங்கு', சிலருக்கு 'வைரஸ்'. புள்ளிவிவரம் ஒன்றே. விலங்கு என்று படித்தவர்கள் பிடித்து அடைப்பதன் பக்கம் அதிகம் சாய்ந்தார்கள். வைரஸ் என்று படித்தவர்கள் காரணத்தைத் தேடிச் சீர்திருத்துவதன் பக்கம் வந்தார்கள். காரணம் கேட்டபோது பெரும்பாலோர் புள்ளிவிவரத்தைத்தான் காட்டினார்கள். உவமை வேலை செய்ததே அவர்களுக்குத் தெரியவில்லை.

ஆள்குறைப்பைக் 'களையெடுப்பு' என்று சொன்னால், நேற்றுவரை கூட உட்கார்ந்து சாப்பிட்டவர் களை ஆகிவிடுகிறார். 'நாமெல்லாம் ஒரே குடும்பம்' என்றால், குடும்பத்தில் யாரும் கூடுதல் நேரத்துக்குக் கூலி கேட்பதில்லை. வருமானம் குறைந்தது என்று பிள்ளையை வீட்டைவிட்டு அனுப்புவதும் இல்லை. உவமையை இரண்டு அடி நடத்திப் பார்த்து, போகக் கூடாத இடத்துக்குப் போனால் விட்டுவிடுங்கள்.

நல்ல உவமை கேட்பவரின் தொழிலிலிருந்து வரும். நிதித்துறைக்கான மென்பொருள் செய்துகொண்டிருந்த வார்ட் கன்னிங்ஹாம், அவசரத்தில் எழுதிய நிரலை ஏன் திருத்த வேண்டும் என்பதை விளக்க, 1992-ல் அதைக் கடனோடு ஒப்பிட்டார். அடைக்காவிட்டால் வட்டி ஏறும். பணக் கணக்கில் ஊறியவர்களுக்கு அதற்குமேல் விளக்கம் தேவைப்படவில்லை. மென்பொருள் துறை இன்றும் 'கடன்' என்ற அந்தச் சொல்லைத்தான் பயன்படுத்துகிறது.

அனுப்புமுன் ஒரு நிமிடம்

செய்தியை வாய்விட்டு ஒருமுறை படியுங்கள். பெறுபவர் இரவு பேருந்தில் நின்றபடி, கைப்பேசியில், உங்கள் முகத்தைப் பார்க்காமல் படிப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். பிறகு மூன்று கேள்விகள். நான் சொல்ல வந்தது எவ்வளவு பெரிய விஷயம்? இந்தச் சொல் அவ்வளவு பெரிதா? இதைப் படித்ததும் அவர் என்ன செய்வார்?

மூன்றாவது கேள்விக்கு விடை தெரியவில்லை என்றால், செய்தி இன்னும் தயாராகவில்லை. விடை தெரிந்து, அவர் செய்ய வேண்டியதும் அதுவே என்றால் அனுப்பிவிடுங்கள்.