எஞ்சிய சிறுநீரகமும் கொடையாளர் நலனும்

உயிருடன் உள்ள ஒருவர் அளித்த சிறுநீரகம், 1954 டிசம்பர் 23 அன்று அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் அவருடைய இரட்டைச் சகோதரருக்கு முதன்முதலாக வெற்றியுடன் பொருத்தப்பட்டது. இந்தியாவில் இன்று நடைபெறும் சிறுநீரக மாற்று அறுவைகளுள் பெரும்பாலானவை உயிருள்ள கொடையாளர்களையே நம்பியுள்ளன. அவர்களுள் பெண்களே மிகுதி. எனவே, கொடைக்குப் பின் அவர்களது உடல்நிலை எவ்வாறு அமைகிறது என்பது ஆராயத்தக்கதாகும்.

ஒவ்வொரு சிறுநீரகத்திலும் ஏறத்தாழ 10 இலட்சம் நெஃப்ரான்கள் என்னும் நுண் வடிப்பான்கள் உள்ளன. இவை புதிதாகத் தோன்றுவதில்லை. ஆயினும், ஒரு சிறுநீரகம் அகற்றப்பட்டதும் மற்றதற்குச் செல்லும் இரத்த ஓட்டம் பெருகுகிறது. நெஃப்ரான்கள் பருத்து மிகையாகப் பணிபுரிகின்றன. இரு சிறுநீரகங்களின் வடிதிறனை 100 எனக் கொண்டால், ஒன்றை இழந்தபின் எஞ்சுவது 50. சில வாரங்கள் முதல் சில மாதங்களுக்குள் அது 60 முதல் 70 வரை உயர்கிறது. இரத்தத்தில் கிரியேட்டினின் அளவு முன்னிலும் சற்று மிகுந்திருப்பது இதனாலேயே. அதனை மட்டும் கொண்டு நோய் எனக் கருதலாகாது.

எனினும், இம்மீட்சி முழுமையானதன்று. சேமிப்பாக இருந்த ஆற்றலைச் செலவிட்டுப் பெற்றதாகும். 2014-இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றின்படி, வாழ்நாளில் சிறுநீரகச் செயலிழப்புக்கு ஆளாகக்கூடியோர் கொடையாளர்களில் 10,000 பேருக்கு 90; கொடையளிக்காத, அவர்களையொத்த நலமுடையோரில் 14. இடர் சிறிதே, ஆனால் இல்லாததன்று. கொடைக்குப்பின் கருவுறும் பெண்களுக்கு இரத்த அழுத்தக் கோளாறு கூடுதலாக ஏற்படுகிறது என 2015-இல் கனடா நாட்டு ஆய்வு காட்டியது.

உறுப்புக் கொடையளிக்கும் மத்திய அரசு ஊழியர்களுக்கு 42 நாட்கள் வரை சிறப்புத் தற்செயல் விடுப்பு வழங்க 2023-இல் ஆணை பிறப்பிக்கப்பட்டது. அறுவைப் புண் ஆற இது உதவும். ஆனால், எஞ்சிய சிறுநீரகத்தின் கூடுதல் சுமை வாழ்நாள் முழுவதும் நீடிப்பது. ஆண்டுதோறும் இரத்த அழுத்தம், கிரியேட்டினின், சிறுநீரில் புரதம் ஆகியவற்றைச் சோதித்தல் வேண்டும். மருத்துவர் அறிவுரையின்றி வலிநீக்கி மாத்திரைகளை உட்கொள்ளுதல் தவிர்க்கப்பட வேண்டும்.

இச்சோதனைகள் பெருஞ்செலவு பிடிப்பவையல்ல. மாவட்ட மருத்துவமனையிலேயே செய்யத்தக்கவை. மருத்துவமனையை விட்டு நலமாக வெளியேறும் கொடையாளர் தம்மை நோயாளியாகக் கருதுவதில்லை. ஆதலின் தாமே திரும்பி வருவது அரிது. பெயர்ப் பதிவேடு வைத்து, உரிய காலத்தில் அவரை அழைப்பது நிர்வாகத்தின் கடமையாகும். ஓர் உயிரைக் காக்கத் தம் உறுப்பை ஈந்தவருக்குச் சமுதாயம் செலுத்த வேண்டிய குறைந்தபட்சக் கைம்மாறு அதுவே.